பக்கவாதம் வந்து 14 மாதங்கள்: அப்பா இடக்கையால் சாப்பிட மறுக்கிறார்

கேள்வி: பெரம்பூர் மகன்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 64 வயது. ரயில்வே பணிமனையில் 34 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 14 மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் அதிகாலையில் பால் வாங்கப் படியிறங்கியவர் வாசலிலேயே சரிந்துவிட்டார். பக்கத்துத் தெருவிலிருந்த சிறிய மருத்துவமனைக்குத்தான் முதலில் தூக்கிச் சென்றோம். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அங்கே படுக்க வைத்திருந்தார்கள். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி நேரம் கடந்துவிட்டது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதை அங்கேதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். அந்த எண்ணம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு என்பதால் வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. இப்போது நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, யாருடைய துணையும் இல்லாமல் வீட்டுக்குள் நடக்கிறார். வலக்கை தோளிலிருந்து சற்றே அசைகிறது. விரல்கள் மடங்கியபடியே இருக்கின்றன. நாங்கள் பேசுவது பெரும்பாலும் அவருக்குப் புரிகிறது. அவர் வாயில் வருவது 'சரி', 'அது', 'வேணாம்' என்ற மூன்று சொற்கள்தாம். ஆனால் நான் 'ஒன்று, இரண்டு' என்று தொடங்கி வைத்தால் இருபது வரை தடையில்லாமல் சொல்லிவிடுகிறார். வானொலியில் பழைய முருகன் பாடல் ஒலித்தால் கூடவே இரண்டு வரி பாடவும் செய்கிறார்.

முதல் ஆறு மாதங்கள் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆறு மாதம் முடிந்ததும், இனிமேல் புதிதாக எதுவும் வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நிற்பது சாப்பாடு. அப்பா இடக்கையால் சோற்றைத் தொட மாட்டேன் என்கிறார். கரண்டி கொடுத்தாலும் தள்ளிவிடுகிறார். மூன்று வேளையும் அம்மாதான் ஊட்டுகிறார். அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை நோய் உண்டு. அப்பாவுக்கு ஊட்டி முடித்த பிறகே சாப்பிடுவதால் இரண்டு முறை சர்க்கரை இறங்கி மயங்கிப்போனார். சென்ற மாதம் வில்லிவாக்கத்தில் ஒரு உறவினர் திருமணம். பந்தியில் அம்மா குனிந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது எதிர்வரிசையிலிருந்த ஒரு சிறுவன் வைத்த கண் வாங்காமல் பார்த்தான். அப்பா அம்மாவின் கையைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டார். சாம்பார் சோறு வேட்டியிலெல்லாம் சிந்திவிட்டது. அன்றிலிருந்து அவர் வாசலுக்குக்கூட வருவதில்லை.

நான் கேட்க விரும்புவது இவைதாம். ஆறு மாதம் என்பது உண்மையிலேயே எல்லையா? உடலில் மூலச் செல்களைச் செலுத்தும் ஸ்டெம் செல் சிகிச்சை செய்தால் கை வரும் என்று ஒரு இடத்தில் பல லட்சம் கேட்கிறார்கள். கடன் வாங்கியாவது செய்யலாமா? நான் உடற்பயிற்சிகளைச் சரியாகச் செய்விக்காததால்தான் கை வரவில்லையா? இதே நிலையில் பல ஆண்டுகள் இருப்பவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

பதில் 1: இயன்முறை, கீழ்ப்பாக்கம்

ஐயா, வணக்கம். நான் 19 ஆண்டுகளாக இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) அளித்து வருகிறேன். நோயாளியை நேரில் பார்க்காமல் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

ஆறு மாதம் என்ற கணக்கு கற்பனையன்று. பக்கவாதத்துக்குப் பிறகு நரம்புக் கட்டுப்பாடு திரும்புவது முதல் மூன்று மாதங்களில் மிக வேகமாகவும், அடுத்த மூன்று மாதங்களில் மெதுவாகவும் நடக்கிறது. அதன் பிறகு வேகம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. 14 மாதங்கள் ஆகியும் விரல்களைத் தாமாகச் சிறிதளவும் விரிக்க முடியாத ஒரு கை, பழையபடி ஸ்பேனர் பிடிக்கும் கையாகத் திரும்பும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுத்தால் அது பொய்யாகிவிடும். நல்ல கையைக் கட்டிவைத்துவிட்டுப் பாதித்த கையை மட்டும் பழக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. 2006இல் வெளியான பெரிய ஆய்வில் அது பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆனவர்களுக்கும் பயன் தந்தது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது தாமாக விரிக்க முடிந்தவர்களையே அதில் சேர்த்தார்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் தந்தை அந்தப் பிரிவில் வரமாட்டார் என்றே தோன்றுகிறது.

ஆனால் கை வருவது வேறு, மனிதர் தம் வேலையைத் தாமே செய்துகொள்வது வேறு. முதலாவதற்குத்தான் காலவரம்பு பெரும்பாலும் பொருந்தும். இரண்டாவது பழக்கத்தால் வருவது. ஆண்டுகள் கழித்தும் வரும். 'இனி எதுவும் வராது' என்று சொன்னவர் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் தந்தையின் டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பாருங்கள். பக்கவாதத்தால் வந்த ஊனத்தின் அளவைக் குறிக்கும் ரேங்கின் அளவு என்று ஓர் எண் எழுதியிருக்கக்கூடும். 0 என்றால் எந்த அறிகுறியும் இல்லை, 5 என்றால் முழுக்கப் படுக்கை, 6 என்றால் இறப்பு. பிறர் துணையின்றி நடக்கவும் தம் உடல் தேவைகளைக் கவனித்துக்கொள்ளவும் இயலாதவரை 4 என்று குறிப்பார்கள். உதவி தேவைப்பட்டாலும் தாமாக நடப்பவர் 3. ஊன்றுகோலைப் பயன்படுத்துவதால் அந்த 3 குறைந்துவிடாது. மருத்துவமனையிலிருந்து படுக்கையில் வந்தவர் இன்று வீட்டுக்குள் தனியாக நடக்கிறார் என்றால், நீங்கள் தோற்றுவிட்டதாக நினைக்கும் இந்த 14 மாதங்களில் அவர் ஒரு படியையோ அதற்கு மேலோ கடந்திருக்கிறார்.

இன்னோர் அளவுகோல் 1965இல் வெளியான பார்தெல் குறியீடு. உண்பது, குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குச் செல்வது, மாடிப்படி ஏறுவது என்று அன்றாடச் செயல்கள் பத்து. மொத்தம் 100 மதிப்பெண். அதில் உண்பதற்கு 10. பிறர் உதவினால் 5. முழுதும் பிறர் ஊட்டினால் சுழியம். உங்கள் வீட்டில் நடப்பதை எண்ணும்போது இதுதான் என் நினைவுக்கு வந்தது: அந்தக் குறியீடு எந்தக் கையால் உண்கிறார் என்று கேட்பதே இல்லை. இடக்கையில் கரண்டியைப் பிடித்துத் தாமாகச் சாப்பிட்டாலும் முழுமையாகப் பத்துதான். ஆகவே அவருடைய சாப்பாட்டுச் சிக்கல் வலக்கை வராததனால் நீடிப்பதன்று. இடக்கை நல்ல நிலையில் இருக்கிறது. அதை இலைக்குக் கொண்டுவர அவருக்கு மனம் ஒப்பவில்லை.

இதைத் தொடங்குவதற்கு முன்பு ஒன்றைக் கவனியுங்கள். சாப்பிடும்போதோ தண்ணீர் குடித்த பிறகோ இருமல் வருகிறதா, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் விழுங்குவதில் குறை இருக்கலாம். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் சோதித்த பிறகே உணவு முறையை மாற்ற வேண்டும். ரசம் சாதம் போல நீரும் பருக்கையும் கலந்த உணவு அத்தகையவர்களுக்குக் கடினம்.

வலக்கை விளங்காவிட்டாலும் அதைக் கைவிட்டுவிடாதீர்கள். எழுப்பி உட்காரவைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தளர்ந்த தோள் மூட்டு இறங்கிவிடும், அதன் பிறகு வரும் வலி மாதக்கணக்கில் உறங்கவிடாது. கதவு நிலையில் கப்பி மாட்டிக் கயிற்றை இழுக்கச் சொல்லும் பயிற்சி நம் ஊரில் வீடுதோறும் நடக்கிறது. தோளுக்குத் தீங்கு செய்வது என்பதால் நான் அதைச் செய்ய விடுவதில்லை. ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்வதும் அப்படித்தான். ஏற்கெனவே மடங்கி இறுகும் விரல்களுக்கு மடக்கும் பயிற்சி எதற்கு? விரித்து நீட்டி வைப்பதுதான் தேவை. நகம் உள்ளங்கையில் குத்தும் அளவுக்கு இறுக்கம் இருந்தால், தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி உண்டு; அதன் பயன் ஏறத்தாழ மூன்று மாதங்கள் நிற்கும். கை வேலை செய்யத் தொடங்கிவிடும் என்று எதிர்பார்த்து அதைப் போட வேண்டாம். கையைக் கழுவித் துடைக்கவும், சட்டைக்குள் நுழைக்கவும் எளிதாகும். அதுவே பெரிய நிம்மதி. கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்துக்கு ஒரு முறை அழைத்துச் செல்லுங்கள். கைக்கும் காலுக்கும் ஸ்பிளின்ட் (மூட்டை நேராகத் தாங்கும் பட்டை) தேவையா என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள்.

ஸ்டெம் செல்லுக்காகக் கடன் வாங்காதீர்கள். நம் நாட்டிலேயே ஐந்து மையங்களில் 120 நோயாளிகளிடம் எலும்பு மஜ்ஜை செல்களைக் கொண்டு ஆய்வு செய்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். செல் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் செயல்திறனில் வேறுபாடு இல்லை. பக்கவாதத்துக்கு இது ஆய்வுக்கு வெளியே அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையன்று. ஆய்வு என்றால் உங்களிடம் பணம் கேட்கவும் கூடாது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்து வீட்டில் சிகிச்சை செய்வித்தால் ஊனம் குறையுமா என்று இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடத்திய அட்டெண்ட் என்னும் ஆய்வின் முடிவு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் இரு தரப்பிலும் 47 விழுக்காடு. அதாவது முறையாகப் பயிற்றுவிக்கப்பட்ட குடும்பங்களாலும் அந்தக் கணக்கை மாற்ற முடியவில்லை. ஆகையால் நீங்கள் சரியாகச் செய்விக்காததால்தான் அப்பாவின் கை வரவில்லை என்று உங்களை வருத்திக்கொள்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

பதில் 2: ஆதம்பாக்கத்து அம்மா

தம்பி, என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டது. இடக்கை விழுந்தது, வலக்கை நன்றாக இருக்கிறது, பேச்சும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள், உங்கள் வீட்டுக்காரர் தப்பித்துக்கொண்டார் என்றுதான் சொன்னார்கள்.

முதல் நான்கைந்து மாதங்கள் அவர் தட்டில் பாதியைத்தான் சாப்பிடுவார். சோறு ஒரு பக்கம் வழித்துத் துடைத்தது போலக் காலியாகியிருக்கும். மறுபக்கத்தில் வைத்த பொரியலும் கூட்டும் வைத்தபடியே இருக்கும். காய்கறி பிடிக்கவில்லை போலும் என்று நினைத்து நான் பொரியல் செய்வதையே குறைத்துவிட்டேன். பிறகு ஒரு நாள் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) செய்யும் ஒரு பெண் வந்து, எதுவும் பேசாமல் தட்டைப் பிடித்து அரை வட்டம் சுழற்றி வைத்தாள். என் கணவர் உடனே மிச்சத்தையும் எடுத்து உண்ணத் தொடங்கினார். கண்ணில் குறையில்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவருடைய மூளை விட்டுவிட்டிருக்கிறது. அதை அறியாமல் ஐந்து மாதங்கள் அவரை அரைவயிற்றோடு வைத்திருந்தேன் என்று அன்று இரவெல்லாம் அழுதேன். இப்போது அவரே தட்டைச் சுழற்றிக்கொள்கிறார். அவருக்கு அந்தக் குறை நீங்கவில்லை. சுழற்ற வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டார்.

உங்கள் அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஊட்டுவதை நிறுத்துங்கள் என்று நீங்கள் சொன்னால் அவர் கேட்க மாட்டார். நானும் கேட்கவில்லை. மருந்தும் மருத்துவரும் கைவிட்ட பிறகு, நம் கையால் செய்வதற்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான் என்று மனம் பிடித்துக்கொள்ளும். ஆகவே அவருக்கு வேறொரு பொறுப்பைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் படியாக, அம்மா தமக்குரிய நேரத்தில் மாத்திரை போட்டு, அப்பாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் உண்பது என்று ஆகிவிட்டால் ஊட்டும் கை தானாகக் குறையும்.

அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்காகவும் அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரைக்காகவும் நீங்கள் அலைய வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மருந்து வீட்டுக்கே வருகிறது. இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே தருகிறார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள். கால் நடக்கத் தொடங்கிவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்று என் கணவரின் தம்பி ஒருவர் அறிவுரை சொன்னார். அதைக் கேட்டிருந்தால் அடுத்த தாக்குதலை நாங்களே வரவழைத்திருப்போம்.

உறவினர்கள் புறா ரத்தம் தடவச் சொல்வார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்வார்கள். புறா ரத்தத்தால் ஒரு பயனும் இல்லை. ஒத்தடம் அதைவிட ஆபத்து. உணர்ச்சியில்லாத கைக்குச் சூடு தெரியாது. என் கணவரின் முழங்கையில் கொப்புளம் கிளம்பிய பிறகே எங்களுக்குப் புரிந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பதில் 3: வடசென்னை வாசகி

சகோதரருக்கு வணக்கம். நான் நோயாளியின் இடத்திலிருந்து எழுதுகிறேன். 41 வயதில் எனக்குப் பக்கவாதம் வந்தது; இப்போது 47. உங்கள் தந்தையைப் போலவே வலப்பக்கம். பேச்சு திரும்பிவிட்டது, ஆனால் களைப்பாக இருக்கும்போது சொற்கள் இன்றும் கிடைப்பதில்லை. இந்தப் பதிலை இடக்கைக் கட்டைவிரலால் இரண்டு நாட்களாகத் தட்டச்சு செய்தேன்.

உங்கள் தந்தைக்கு இருக்கும் கூச்சம் எனக்கும் இருந்தது. இடக்கை எதற்கு, வலக்கை எதற்கு என்று நமக்குப் பேச்சு வருவதற்கு முன்பே பழக்கிவிடுகிறார்கள். குழந்தை இடக்கையை நீட்டினால் வீட்டுப் பெரியவர் அதைத் தட்டி, சோத்துக்கையால் வாங்கு என்பார். அறுபது ஆண்டுகள் அப்படி வாழ்ந்த ஒருவரிடம் இனி இந்தக் கையால் சாப்பிடுங்கள் என்பது, கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுப்பது போன்ற சிறிய காரியமன்று. கோயிலில் நான் முதன்முதலாக இடக்கையை நீட்டியபோது, குருக்கள் விபூதியைப் போடாமல் ஒரு கணம் நின்றார். வலக்கையை இடக்கையால் தூக்கிக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தாமே என் நெற்றியில் இட்டுவிட்டார். அதன் பிறகு நான் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை; வலக்கையைச் சற்றுத் தூக்கிக் காட்டுகிறேன், அவ்வளவுதான்.

நான் பழகிய விதத்தைச் சொல்கிறேன். யாரும் பார்க்காதபோது பழகினேன். மதியம் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் பொரியை வைத்து இடக்கையால் எடுத்து வாயில் போட்டேன். பொரி சிந்தினால் கறை படியாது, பெருக்கிவிடலாம். ஒரு வாரம் கழித்து இட்லி. பிறகு கெட்டியான தயிர் சாதம், கரண்டியால். கரண்டியின் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கினால் பிடிப்பதற்கு எளிதாக இருக்கும். விளிம்பு உயர்ந்த தட்டு வேண்டும். அதன் அடியில் ஈரத்துணியை விரித்தால் தட்டு நகராது. சோறு சிந்தாமல் ஒரு வேளை முழுதும் சாப்பிட எனக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் பிடித்தன. பந்தியில் உட்கார்ந்தது ஓராண்டு கழித்துத்தான். உங்கள் தந்தையைத் திருமணப் பந்தியில் உட்கார வைத்தது தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் அது கடைசிப் பாடம்.

அவரைக் கேட்டுச் செய்யுங்கள். பேச முடியாதவரிடம் எல்லாரும் பேசுவார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். 'என்ன வேண்டும்' என்று கேட்டால் எனக்கு அந்த நாட்களில் பதில் வராது. இரண்டு பொருளை எதிரில் வைத்து 'இதுவா, அதுவா' என்று கேட்டால் விரலால் காட்டுவேன். பதிலுக்குக் காத்திருங்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்துவிடாதீர்கள். அவர் எண்ணும் பாட்டும் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பழகிப்போன வரிசைகளும் ராகமும் பேச்சு வராதவர்களுக்கும் வருவதுண்டு. ராகத்தைப் பிடித்துக்கொண்டு சொற்களுக்குப் போகும் ஒரு பயிற்சியே 1970களிலிருந்து இருக்கிறது. நல்ல பேச்சுப் பயிற்சியாளரைத் தேடுங்கள். முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் விசாரிக்கலாம். அவர் வாசலுக்கே வராமல் இருப்பதை மட்டும் பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. எனக்கும் வந்தது, அதற்கென்று மருந்து எடுத்துக்கொண்ட பிறகே பொரிக் கிண்ணத்தைத் தொடும் தெம்பு வந்தது.

இன்னொன்று, அவர் ஃபிட்டர். இந்த 14 மாதங்களில் அவரிடம் யாராவது ஒரு வேலையைக் கேட்டீர்களா? உங்கள் வீட்டுக் குளியலறையில் பிடிமானக் கம்பி இல்லையென்றால், அதை எங்கே, எந்த உயரத்தில் பொருத்துவது என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் இளையவர்களுக்குப் பயன்படும். நான் ஒரு அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். விடுப்பு முடிந்து திரும்பியபோது விருப்ப ஓய்வுக் கடிதத்தைத் தயாராக வைத்திருந்தார்கள். கையெழுத்து மட்டும் போடச் சொன்னார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவு, பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியரை அரசு நிறுவனம் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக் கூடாது, அந்த வேலை இயலாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது. அதை எழுதி மனுவாகக் கொடுத்தேன். ஐந்து மாதங்கள் இழுத்தடித்தார்கள். இப்போது தபால் பதிவுப் பிரிவில் இருக்கிறேன்.

பெரம்பூர் மகன்

பதில் எழுதிய மூவருக்கும் என் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள்.

ஸ்டெம் செல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். கப்பியைக் கழற்றிவிட்டேன். கே.கே. நகருக்குச் சென்று வந்தோம். கைக்கு இரவில் கட்டிக்கொள்ளும் ஸ்பிளின்ட் கொடுத்திருக்கிறார்கள். மனச்சோர்வுக்கும் மருத்துவரிடம் காட்டி மாத்திரை தொடங்கியிருக்கிறோம். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றார்.

குளியலறைக் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளம்பர் வந்து சுவரில் ஓர் இடத்தில் துளையிடப் போனார். அப்பா ஊன்றுகோலோடு கதவருகில் நின்று 'வேணாம்' என்றார். பிளம்பர் வேறு இடத்தைக் காட்டினார். மறுபடியும் 'வேணாம்'. பிறகு அவரே உள்ளே வந்து, கமோடில் உட்கார்ந்து எழுந்து பார்த்தார். பென்சிலை வாங்கி இடக்கையால் டைல்ஸில் இரண்டு கோடு போட்டார். பிளம்பர் குறித்த இடத்துக்கு அது ஒரு சாண் கீழே, இடப்பக்கச் சுவரில் இருந்தது. அவர் வலுவான கை இடக்கைதான் என்பதை எங்களில் யாரும் யோசிக்கவில்லை. கம்பி பொருத்திய பிறகு ஒவ்வொரு திருகையும் இடக்கையால் தாமே ஒரு முறை முறுக்கிப் பார்த்தார்.

சாப்பாடு இன்னும் முழுதாக மாறவில்லை. காலை இட்லியை மட்டும், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறார். அம்மா வெளியே தம் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். தட்டு கீழே விழும் சத்தம் கேட்டாலும் உள்ளே போவதில்லை என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். மதியமும் இரவும் ஊட்டல்தான்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அப்பாவின் ஓய்வூதியக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியவில்லை. பழைய கையெழுத்து வரவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்வது?

பதில் 4: ஓய்வுபெற்ற வங்கியர், அண்ணா நகர்

வங்கியில் 36 ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். கையெழுத்துப் போட முடியாத நோயாளிகளுக்கு ரிசர்வ் வங்கியின் விதிமுறையே இருக்கிறது. கைவிரல் அல்லது கால்விரல் ரேகையை வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அதை உறுதிப்படுத்த வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். பணத்தை யார் பெற்றுக்கொள்வார் என்பதையும் கணக்கு வைத்திருப்பவர் அதே முறையில் குறிப்பிடலாம். கிளை மேலாளரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள், மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பென்சிலால் கோடு போடும் கை என்பதால், இடக்கையால் ஒரு புதிய கையொப்பத்தைப் பழக்கி மாதிரிக் கையொப்பமாகப் பதிந்துவிடுவது இன்னும் நல்லது. நீளமான பெயர் வேண்டாம், இரண்டு எழுத்து போதும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வந்தால் சரி.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை இன்னும் வாங்கவில்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். கை கால் குறைபாட்டோடு, மூளைப் பாதிப்பால் நிலையாக வந்த பேச்சிழப்பும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. மருத்துவக் குழுவிடம் இரண்டையும் சொல்லுங்கள், பலர் கையை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். சான்று கையில் இருந்தால், 70 வயது ஆகாவிட்டாலும் வீட்டுக்கே வந்து வங்கிச் சேவை தரும்படி கேட்கலாம்; ரிசர்வ் வங்கி 2017இல் அப்படி அறிவுறுத்தியிருக்கிறது. நவம்பரில் வாழ்வுச் சான்றிதழுக்காகவும் அவரை அலைக்கழிக்க வேண்டாம். கைபேசியில் முகத்தைக் காட்டியே பதிந்துவிடலாம், அல்லது தபால்காரர் வீட்டுக்கு வந்து செய்துகொடுப்பார். வங்கிக்குப் போகும் நாளில் அம்மாவுக்குச் சாப்பாட்டு நேரம் தவறிவிடாதபடி, காலை பத்து மணிக்கே போய்விடுங்கள்.